வக்கீலுக்கு முன்னால் தேதி, தேதிக்கு முன்னால் ரசீது

திருத்துறைப்பூண்டிப் பக்கம் நடவு வேலைக்குப் போகும் ஒரு பெண், தன் வீட்டு மனைக்காக வழக்குப் போட வேண்டுமென்றால் வக்கீல் ஃபீஸ் கட்ட வேண்டியதில்லை, கோர்ட் ஃபீஸும் கட்ட வேண்டியதில்லை. வருமானம் எவ்வளவு என்று யாரும் கேட்கவும் முடியாது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. 1995 நவம்பர் 9 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆனாலும் டெல்டாவில் ஏழைகளின் வழக்குகள் தோற்றுக்கொண்டே இருக்கின்றன. வக்கீல் கிடைக்காமல் தோற்பது குறைவு. கெடு தாண்டிப் போவதாலும், கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாததாலும், தாசில்தாரிடம் போக வேண்டியதை முன்சீப் கோர்ட்டுக்குக் கொண்டுபோவதாலும் தோற்பதே அதிகம். இந்த மூன்றையும் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் யாருக்கு உரிமை என்பது. சட்டத்தின் 12-ஆம் பிரிவு ஒரு பட்டியல் தருகிறது: பெண்கள், 18 வயதுக்கு உட்பட்டவர்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், ஆள்கடத்தலுக்கோ கொத்தடிமை முறைக்கோ ஆளானவர்கள், காவலிலோ சிறையிலோ இருப்பவர்கள். இவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. பள்ளி ஆசிரியையாக இருந்து மாதச் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கும் உரிமை உண்டு. இந்தப் பட்டியலில் வராத ஆண்களுக்குத்தான் வருமான வரம்பு. தமிழ்நாட்டில் அது ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய், உச்ச நீதிமன்ற வழக்கென்றால் 5 லட்சம்.

அதே பிரிவில் டெல்டாக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு வரி இருக்கிறது. வெள்ளம், வறட்சி, பேரிடர், சாதி வன்கொடுமை போன்றவற்றால் தன் தவறின்றி இல்லாமைக்குத் தள்ளப்பட்டவர்களும் தகுதியானவர்களே. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் தென்னையை இழந்தவர்கள் இந்த வரிக்குள் வந்தவர்கள்தான். அடுத்த முறை சம்பா மூழ்கினாலும் இதே வரி பொருந்தும். மனுவில் அதைக் குறிப்பிட்டு எழுத வேண்டும். எழுதாவிட்டால் எதிரே இருப்பவர் 3 லட்சக் கணக்கை மட்டும்தான் பார்ப்பார்.

வருமானச் சான்று வாங்கி வா என்று திருப்பி அனுப்புவது பல இடங்களில் நடக்கிறது. சட்டப்படி வருமானத்துக்கு ஓர் உறுதிமொழிப் பத்திரம் போதும். அதை நம்ப மறுக்கக் காரணம் இருந்தால்தான் மேற்கொண்டு ஆவணம் கேட்கலாம். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று சான்றிதழுக்கு அலையும் நாட்களில் கெடு ஓடிவிடும். மனுவையும் உறுதிமொழியையும் முதலில் கொடுத்துவிட்டு, சான்றிதழைப் பிறகு சேர்ப்பதே புத்திசாலித்தனம்.

எங்கே கொடுப்பது? ஒவ்வொரு தாலுகா நீதிமன்ற வளாகத்திலும் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறது. அங்குள்ள மூத்த நீதிபதி அதற்குத் தலைவர். மாவட்டத் தலைநகரில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. முதன்மை மாவட்ட நீதிபதி தலைவர், சார்பு நீதிபதி நிலையில் ஒருவர் முழுநேரச் செயலாளர். எந்த அலுவலகம் என்று தெரியாவிட்டால் 15100 என்ற இலவச எண்ணில் கேட்கலாம். காரைக்கால்காரர்கள் மட்டும் நாகப்பட்டினத்துக்கு வர வேண்டாம். அது புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் கீழ் தனி அமைப்பு.

மனு வெள்ளைத்தாளில், தமிழில், ஒரு பக்கம் இருந்தால் போதும். தாத்தா காலத்துக் கதையை எழுதத் தொடங்கி நாலாவது பக்கத்தில் விஷயத்துக்கு வருவது நம் வழக்கம். படிக்கிறவருக்கு வேண்டியது வேறு: நீங்கள் யார், 12-ஆம் பிரிவின் எந்த வகையில் வருகிறீர்கள், எதிர்த்தரப்பு யார், சொத்து என்றால் கிராமம், வட்டம், சர்வே எண், பரப்பு, வழக்கு ஏற்கெனவே இருந்தால் அதன் எண், எந்த நீதிமன்றம், அடுத்த வாய்தா எப்போது, உங்களுக்கு என்ன வேண்டும். கடைசி இரண்டும் விட்டுப்போவதால்தான் மனுக்கள் தேங்குகின்றன. நாளை மறுநாள் வாய்தா என்றால் அதை மனுவின் மேல் ஓரத்திலேயே எழுதிவிடுங்கள். ஆவணங்களின் நகலை மட்டும் இணையுங்கள், மூலப்பத்திரத்தை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். மனுவின் இன்னொரு பிரதியில் தேதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த முத்திரை எதற்கு? 2010-ஆம் ஆண்டின் தேசிய சட்டப் பணிகள் ஒழுங்குமுறைகளின்படி, மனு மீது 7 நாட்களுக்குள் முடிவெடுத்தாக வேண்டும். முத்திரை இருந்தால்தான் ஏழு நாள் எப்போது தொடங்கியது என்று காட்ட முடியும். மறுத்தால் ஆணைக்குழுத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

உதவி கிடைத்துவிட்டால் வக்கீல் கட்டணம் மட்டுமில்லாமல் கோர்ட் ஃபீஸ், சம்மன் கட்டணம், சாட்சிச் செலவு, நகல், மொழிபெயர்ப்பு எல்லாம் அதில் அடங்கும். இது சின்னத் தொகை இல்லை. தமிழ்நாட்டில் பணம் கேட்டுப் போடும் வழக்குக்குக் கோர்ட் ஃபீஸ் 3 சதவீதம். 2017-க்கு முன்னால் அது 7.5 சதவீதமாக இருந்தது. இன்றைய கணக்கிலும் 10 லட்சம் கேட்டால் 30,000 ரூபாய் முதலிலேயே கட்ட வேண்டும். ஒதுக்கப்பட்ட வக்கீல் "டைப்பிங் செலவு", "குமாஸ்தாவுக்கு" என்று எதைக் கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை. கேட்டால் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், குழு வக்கீல்களுக்கு ஆணைக்குழு தரும் மதிப்பூதியம் குறைவு. அதனால் சிலர் அக்கறை காட்டுவதில்லை. நல்லவர்களும் இருக்கிறார்கள், தங்கள் சொந்த வழக்கைவிட இதில் அதிகம் உழைப்பவர்களைக் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் பார்க்கலாம். யார் வாய்த்தாலும் கட்சிக்காரர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: வழக்கின் சி.என்.ஆர். எண்ணை வாங்கி வைத்துக்கொள்வது. 16 இலக்கம் கொண்ட அந்த எண்ணை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். செல்போன் பிள்ளைகள் கையில் இருக்கும் வீடுகளில் இது ஒரு நிமிட வேலை. வக்கீல் அடுத்தடுத்து ஆஜராகவில்லை என்று அதில் தெரிந்தால், வக்கீலை மாற்றித் தரச் சொல்லி அதே அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம்.

வெற்று வக்காலத்திலும் வெற்றுத்தாளிலும் கையெழுத்துப் போடும் பழக்கத்தை என்ன சொல்வது! ஆங்கிலத்தில் அடித்த பிராதை, அதாவது வழக்கு மனுவை, படித்துக்காட்டாமல் கையெழுத்து வாங்கினால், தமிழில் கேளுங்கள். கீழமை நீதிமன்றங்களில் தமிழில் மனுத் தாக்கல் செய்யலாம், சாட்சியமும் தமிழிலேயே பதியலாம். நான்கெல்லை தப்பாக அடித்த பிராது பின்னால் திருத்த மனு, எதிருரை, வாய்தா என்று மாதக்கணக்கில் இழுக்கும்.

அமீனா வந்தால்

பிரதிவாதியாக இருப்பவர்கள் தோற்கும் கதை வேறு. சம்மன் கொண்டுவரும் நீதிமன்ற ஊழியரான அமீனா தெருமுனைக்கு வந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கொல்லைப்புறமாகப் போய்விடுவது, "அவர் ஊரில் இல்லை" என்று பிள்ளைகளைச் சொல்ல வைப்பது, தபால்காரரிடம் கவரை வாங்க மறுப்பது. சம்மனை வாங்காவிட்டால் வழக்கு நடக்காது என்று யாரோ எப்போதோ சொன்னதை இன்னும் நம்புகிறார்கள். நடப்பது நேர்மாறு. வாங்க மறுத்தால் அமீனா கதவில் ஒட்டிவிட்டு அறிக்கை கொடுப்பார், தபாலை மறுத்தாலும் சார்வானதாகவே, அதாவது கையில் சேர்ந்ததாகவே, கொள்ளப்படும். வாய்தா அன்று பெயர் கூப்பிடுவார்கள். ஆள் இல்லையென்றால் பிரதிவாதியை ஒருதலைபட்சமாக (எக்ஸ்பார்ட்டி) வைத்து, எதிர்த்தரப்புச் சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்பு வந்துவிடும்.

சம்மனை வாங்கிய அன்று பார்க்க வேண்டியவை: எந்த நீதிமன்றம், எண், வாய்தா தேதி, கூடவே பிராது நகல் இருக்கிறதா. பதிலுரை போட 30 நாள். காரணம் காட்டினால் 90 நாள் வரை நீட்டிக்கலாம். அதையும் தாண்டி ஏற்பது நீதிமன்றத்தின் விருப்பம், பெரும்பாலும் செலவுத்தொகை கட்டச் சொல்லித்தான் ஏற்பார்கள்.

எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டால் அதை ரத்து செய்யக் கேட்டு 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். சம்மன் முறையாகச் சார்வாகவில்லை என்றால் தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து அந்த 30 நாள். தாண்டினால் தாமதத்தை மன்னிக்கக் கேட்டு இன்னொரு மனு. அதில் "உடல்நிலை சரியில்லை" என்று ஒற்றை வரி எழுதினால் நிற்காது. ஆஸ்பத்திரிச் சீட்டு, வெளியூர் வேலைக்குப் போன சான்று, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று கணக்கு வேண்டும். திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போயிருந்தவர்களுக்கு இது எளிது. பயணச் சீட்டும் பாஸ்போர்ட் முத்திரையும் பேசும்.

தீர்ப்பு எதிராக வந்தால் அன்றைக்கே நகல் மனுப் போடுங்கள். முன்சீப் தீர்ப்பின் மீது சார்பு நீதிமன்றத்தில் அப்பீல் போட 30 நாள், உயர் நீதிமன்றம் என்றால் 90 நாள். நகலுக்கு மனுப் போட்ட நாளிலிருந்து நகல் தயாரான நாள் வரை அந்தக் கணக்கில் கழியும். மனுப் போடாமல் "யோசிப்போம்" என்று கழிக்கும் நாட்கள் கழியாது.

குத்தகை நிலம்

டெல்டாவில் வாசல் தவறிப் போகும் வழக்குகளில் குத்தகைக்கு முதலிடம். 1952-ல் தஞ்சாவூர் மாவட்டத்துக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955-ல் மாநிலம் முழுவதற்கும் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1956-ல் நியாயக் குத்தகைச் சட்டம், 1969-ல் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம். கோயில், மடம், அறக்கட்டளை நிலங்களுக்கு 1961-ல் தனிச் சட்டம். இத்தனை சட்டம் இருந்தும் மூன்று மா (சுமார் ஒரு ஏக்கர்) நிலத்தை இருபது வருஷமாக உழுகிறவர் தன்னைக் குத்தகைதாரர் என்று நிரூபிக்கத் திணறுகிறார்.

1955 சட்டத்தின் பாதுகாப்பு யாருக்கு என்பதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. தானோ தன் குடும்பத்தாரோ உடலுழைப்புச் செலுத்திச் சாகுபடி செய்ய வேண்டும். குத்தகைக்கு எடுத்துவிட்டு நடவு முதல் அறுவடை வரை எல்லாவற்றையும் கூலியாளுக்கும் இயந்திரத்துக்கும் விட்டுவிட்டு, கொள்முதல் நிலையத்தில் மட்டும் வந்து நிற்பவருக்குப் பாதுகாப்பு இல்லை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, வாய்மொழிக் குத்தகையும் குத்தகைதான். ஆனால் வாய்மொழிக்கு ஆதாரம் வேண்டும்.

அந்த ஆதாரம் எங்கே கிடைக்கும்? வி.ஏ.ஓ. எழுதும் அடங்கலில் (பயிர்ப் பதிவேட்டில்) சாகுபடியாளர் பெயர் யாருடையது என்று ஒவ்வொரு பருவத்திலும் பாருங்கள். குறுவைக்கு ஒருமுறை, சம்பா அல்லது தாளடிக்கு ஒருமுறை. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கிய சீட்டு, உரம் வாங்கிய பில், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட ரசீது, பயிர்க் காப்பீட்டுப் பிரீமியம் கட்டிய ரசீது எல்லாமே சாட்சி. இவை உங்கள் பெயரில் இருக்க வேண்டும். நில உரிமையாளர் பெயரிலேயே நெல்லைப் போட்டுப் பணத்தை அவர் கணக்கிலிருந்து வாங்கிக்கொள்ளும் பழக்கம் வசதியாகத் தெரியும், வழக்கு வந்தால் அதுவே எதிர்ச்சாட்சி.

குத்தகை கொடுத்ததற்கு ரசீது கேளுங்கள். கொடுக்க மாட்டார்கள், தெரியும். குத்தகை நெல்லை அளந்து போடும்போது ரசீது கேட்பது உறவை முறிப்பதாக நினைக்கிறார்கள். அப்படியென்றால் பணமாக மாற்றி வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். வாங்கவே மறுத்தால் சட்டம் வழி சொல்கிறது: குத்தகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் வருவாய் நீதிமன்றத்தில் நில உரிமையாளர் கணக்கில் கட்டலாம். நெல் என்றால் கட்டும் நாளின் சந்தை மதிப்பு. இந்த ஒரு மாதத்தைத் தவறவிட்டால் "பாக்கி வைத்தார்" என்று வெளியேற்ற மனு வரும். அப்போதும் உடனே நிலம் போய்விடாது. பாக்கியைக் கட்ட வருவாய் நீதிமன்றம் அவகாசம் கொடுக்கலாம், கொடுத்த தேதிக்குள் கட்டினால் வெளியேற்ற மனு தள்ளுபடியாகும். கட்டாமல் இரண்டாவது அவகாசம் கேட்டு நிற்பதுதான் நிலத்தை இழக்கும் வழி.

எவ்வளவு கட்டுவது? நியாயக் குத்தகை வழக்கமான மொத்த விளைச்சலில் 25 சதவீதம். ஏக்கருக்கு 30 மூட்டை விளையும் நிலம் என்றால் ஏழரை மூட்டை. இதைவிட அதிகம் பேசியிருந்தால் நியாயக் குத்தகையை நிர்ணயிக்கக் கேட்டு மனுப் போடலாம்.

அடியாளை வைத்து நிலத்திலிருந்து இறக்கிவிட்டால் கெடு இன்னும் கடுமை: இறக்கிய நாளிலிருந்து இரண்டு மாதத்துக்குள் நிலத்தைத் திரும்பக் கேட்டு மனு. இந்த இரண்டு மாதத்தைத்தான் ஊர்ப் பஞ்சாயத்துகள் தின்றுவிடுகின்றன. "அடுத்த அமாவாசைக்குள் பேசி முடிப்போம்" என்று மூன்று அமாவாசை போகும். பேசட்டும், வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. மனுவைப் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

அடுத்த தவறு: "நான் குத்தகைதாரர் என்று அறிவிக்க வேண்டும்" என்று முன்சீப் கோர்ட்டுக்குப் போவது. யார் குத்தகைதாரர் என்று பதிவேட்டில் ஏற்றும் அதிகாரம் 1969 சட்டப்படி வட்டாட்சியரிடம் இருக்கிறது. அவர் உத்தரவின் மீது கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு. அந்தக் கேள்வியை உரிமையியல் நீதிமன்றம் தீர்மானிக்கத் தடை இருக்கிறது. பல வருஷம் வாய்தாவுக்கு அலைந்த பிறகு "இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை" என்று கேட்பது கொடுமை. அதற்குப் பொறுப்பு வழக்கைத் தொடுத்த வக்கீலுடையது, நஷ்டம் உழுதவருடையது. அதே நேரம், உங்கள் மீது நில உரிமையாளர் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டால், குத்தகைதாரர் என்ற வாதத்தை முதல் பதிலுரையிலேயே எடுத்துவிட வேண்டும். நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டால் வழக்கை வருவாய் அதிகாரிக்கு அனுப்பும்.

நில உரிமையாளர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. பல வேலி நிலம் வைத்திருந்த பண்ணையார்களை மனதில் வைத்து எழுதப்பட்ட சட்டம், இன்று இரண்டு மா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகள் வீட்டில் இருக்கும் விதவைக்கும் பொருந்துகிறது. நிலம் திரும்ப வராது என்ற பயத்தில் எவரும் எழுத்தில் கொடுப்பதில்லை. எழுத்து இல்லாததால் வெள்ள நிவாரணமும் காப்பீட்டுத் தொகையும் பட்டாதாரருக்குப் போகிறது, பயிரை இழந்தவருக்குப் போவதில்லை. இரு தரப்புக்கும் நம்பிக்கை தரும்படி சட்டத்தைத் திருத்தாமல், கீழே உள்ள அதிகாரிகளைக் குறை சொல்லிப் பயனில்லை என்பதே நம் கருத்து.

ஸ்டேஷன், ரிமாண்ட், ஜாமீன்

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். அது புகார் வந்தது என்பதற்கு ஒப்புதல், முதல் தகவல் அறிக்கை கிடையாது. கைது செய்வதற்குரிய குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவின்படி, சம்பவம் எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்க வேண்டும், நகலை இலவசமாகத் தர வேண்டும். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும் 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். மறுத்தால் புகாரை எழுத்தில் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. எஸ்.பி.க்கு அனுப்பிய தபால் ரசீதும் உறுதிமொழிப் பத்திரமும் இல்லாமல் மாஜிஸ்திரேட்டிடம் போனால் மனு நிற்காது.

சாதி வன்கொடுமைப் புகாரில் இரு தரப்புச் சாதியும், சம்பவம் நடந்த இடமும், அங்கே யார் இருந்தார்கள் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். இவை விட்டுப்போனால் சாதாரண அடிதடி வழக்காகப் பதிவாகும். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பதிவானால் டி.எஸ்.பி. நிலை அதிகாரிதான் புலன்விசாரணை செய்ய வேண்டும், தவணை தவணையாக நிவாரணத் தொகையும் உண்டு. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டபோது இப்படி ஒரு சட்டம் கிடையாது. அந்த வழக்கில் நிலக்கிழார் தரப்பு உயர் நீதிமன்றத்தில் விடுதலையானது டெல்டாவில் யாருக்கும் மறக்கவில்லை.

கைதானவருக்கு 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட். அங்கே வக்கீல் இல்லையென்றால் சட்ட உதவி வக்கீலைத் தர வேண்டியது மாஜிஸ்திரேட்டின் கடமை. கேட்டால்தான் தருவோம் என்று சொல்ல முடியாது, உச்ச நீதிமன்றம் 1986-லேயே அதைத் தெளிவுபடுத்திவிட்டது.

குடும்பத்தார் சுவரில் குறித்து வைக்க வேண்டியது ரிமாண்ட் தேதி. 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிறது. தூக்கு, ஆயுள், பத்து ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் 90 நாள். ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். 61-வது நாள் காலையில் மனுப் போட்டாக வேண்டும். மத்தியானம் போடலாம் என்றிருந்து, அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால் அந்த உரிமை போச்சு.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்கள் தனி. இரண்டு ஜாமீன்தாரர், அவர்களுக்கு வீட்டு வரி ரசீது என்றால் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவர் யாரைக் கொண்டுவருவார்? 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதற்கு வழிமுறை வகுத்தது. ஜாமீன் உத்தரவாகி 7 நாளில் விடுதலையாகாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதம் ஆகியும் வர முடியாவிட்டால் நீதிமன்றமே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றிப் பார்க்கலாம். எட்டாவது நாள் குடும்பத்தாரே செயலாளர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுவது நல்லது.

லோக் அதாலத்தில் கையெழுத்துக்கு முன்

மக்கள் நீதிமன்றத்தைப் புகழ்ந்து நிறைய எழுதியாயிற்று. கட்டணம் இல்லை, கட்டிய கோர்ட் ஃபீஸ் திரும்பக் கிடைக்கும், அங்கே எழுதிய தீர்வுக்கு நீதிமன்றத் தீர்ப்பின் பலம் உண்டு, வழக்குப் போடாமலே நேராக மனுக் கொடுக்கலாம். எல்லாம் சரி. ஆனால் அந்தத் தீர்வின் மீது அப்பீல் கிடையாது. மோசடி என்று காட்டி உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுவது ஒன்றே வழி. ஆகவே சமரசத்துக்குச் சம்மதிக்கும் கட்டாயம் யாருக்கும் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். சம்மதிக்காவிட்டால் வழக்கு விட்ட இடத்திலிருந்து நடக்கும்.

விபத்து இழப்பீட்டில்தான் ஏழைகள் அதிகம் ஏமாறுகிறார்கள். எட்டு லட்சம் வரவேண்டிய இடத்தில் "நாலுக்கு முடித்துக்கொள்ளுங்கள், உடனே பணம்" என்றால் கடனில் இருப்பவர் தலையாட்டுவார். உட்காருவதற்கு முன் இறந்தவரின் வயது, மாத வருமானம், சார்ந்திருந்தவர் எண்ணிக்கை மூன்றையும் வைத்து எவ்வளவு வரும் என்று உங்கள் வக்கீலிடம் எழுத்தில் கணக்குக் கேளுங்கள். தவணையில் பணம் என்றால், ஒரு தவணை தவறினாலும் மொத்தத்தையும் வட்டியோடு கட்ட வேண்டும் என்ற வரி இருக்க வேண்டும். யார் கணக்கில், எந்தத் தேதிக்குள் என்பதும் வேண்டும். இவை இல்லாத தீர்வை நிறைவேற்ற மறுபடியும் வாய்தாதான்.

விபத்து மனுவை எங்கே போடுவது என்பதிலும் குழப்பம். கோயம்புத்தூரில் விபத்து நடந்திருந்தாலும், குடும்பம் வலங்கைமானில் இருந்தால் உள்ளூர் எல்லைக்குரிய தீர்ப்பாயத்திலேயே போடலாம். 2022 ஏப்ரல் முதல் 6 மாதக் கெடு இருக்கிறது.

தனித்தனியாகச் சில

பிள்ளைகளுக்கு வீட்டை எழுதிக்கொடுத்துவிட்டுச் சோற்றுக்குத் தவிக்கும் பெற்றோர் கோட்டாட்சியரிடம் போகலாம். 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டப்படி வக்கீல் இல்லாமலே மனு, மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்பு. எழுதிக்கொடுத்த பத்திரத்தையே ரத்து செய்யவும் கேட்கலாம். ஆனால் அந்தச் செட்டில்மெண்டில் "கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனை எழுதப்பட்டிருந்தால்தான் ரத்து எளிது. பத்திரம் எழுதுகிறவரிடம் அந்த வரியை நீங்களே கேட்டுச் சேர்க்க வேண்டும்.

கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊர் வழக்குக்கு அதிகாரப் பத்திரம் அனுப்பும்போது, அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்புகிறார்கள். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். கூரியர் கவரையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், வந்த தேதிக்கு அதுதான் சான்று.

பயிர்க் காப்பீட்டு நிறுவனம் ஏமாற்றினாலோ, முளைக்காத விதையைக் கடைக்காரர் விற்றாலோ மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை, கெடு 2 ஆண்டு. விதையின் லாட் எண் உள்ள பையைத் தூக்கி எறிந்துவிட்டால் வழக்கு பாதி போய்விடும்.

கடைசியாக உயர் நீதிமன்றம். 2004 ஜூலையில் மதுரைக் கிளை தொடங்கியபோது தஞ்சாவூர் மாவட்டம் அதன் கீழ் போனது. அன்றைய நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்கள் சென்னையிலேயே இருந்தன. 2020-ல் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்த மயிலாடுதுறையும் சென்னைதான். ஆகவே கும்பகோணத்துக்காரர் மதுரைக்கும், பக்கத்திலேயே இருக்கும் குடவாசல்காரர் சென்னைக்கும் போக வேண்டும். இரண்டு இடத்திலும் உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. அதற்கான மனுவை உங்கள் மாவட்ட ஆணைக்குழு வழியாகவே அனுப்பலாம், முதல் வேலைக்கே பஸ் ஏற வேண்டியதில்லை. கீழ் நீதிமன்றத் தீர்ப்பின் சான்றிட்ட நகல், பிராது, பதிலுரை, சாட்சிய நகல் நான்கும் கூடப் போக வேண்டும். தமிழ் ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு கேட்பார்கள், அந்தச் செலவும் சட்ட உதவியில் அடங்கும்.